மணல் நிலம், கைக்கெட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர்: 400 வீட்டுக் கடற்கரைக் குடியிருப்பின் கழிவுநீரை என்ன செய்வது?

மணல்மேடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. பெரிய நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றி இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். சின்னக் கடற்கரைக் குடியிருப்புகளைப் பற்றி ஒரு இழைகூட இல்லை. ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பேசுவோம் என்று நினைக்கிறேன்.

400 வீடு, 1,800 பேர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. நிலம் முழுக்க மணல். கோடையில் ஆறடி தோண்டினால் தண்ணீர், மழைக்காலத்தில் இரண்டடியிலேயே தண்ணீர். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதை ஒட்டி உறிஞ்சுகுழி. சற்றுத் தள்ளிக் கிணறு. விடுமுறைக் காலத்தில் வெளியாட்கள் வந்தால் ஆள்தொகை இரட்டிப்பாகும். ஊராட்சியிடம் பணமும் குறைவு, ஆளும் குறைவு.

இப்படிப்பட்ட இடங்களில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மணல் வடிகட்டிவிடும், மிச்சத்தைக் கடல் கரைத்துவிடும்." நானும் பல வருடம் அதை நம்பினேன். அது எவ்வளவு தூரம் உண்மை? உண்மை இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது? தெரிந்தவர்கள் பொறுமையாக எழுத வேண்டுகிறேன்.

ஆய்வுக்கூடம்

தண்ணீர் மாதிரிகளைச் சோதிப்பதுதான் என் வேலை என்பதால் முதலில் மணலைப் பற்றிச் சொல்கிறேன்.

மணல் வடிகட்டும் என்பது பாதி உண்மை. உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவில் காற்றோட்டமுள்ள உலர்ந்த மண் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டடி, முடிந்தால் நான்கடி. அந்த உலர்ந்த மண்ணில்தான் வேலை நடக்கிறது. மணல்துகள்கள் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் கரிமப் பொருளைத் தின்னும். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அங்கேயே மடியும். நீர்மட்டம் ஏறி அந்த இடைவெளியை மூழ்கடித்தால் வடிகட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை, கழிவுநீர் நேராக நிலத்தடி நீரில் கலக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியில் மழைக்காலத்தில் இரண்டடியில் தண்ணீர். குழியின் அடி அதற்கும் கீழே. ஆக, வருடத்தில் சில மாதம் 400 வீட்டுக் கழிவும் கிணற்று நீரோடு ஒரே தண்ணீராக நிற்கிறது.

மணலால் எந்தக் காலத்திலும் முழுதாகப் பிடிக்க முடியாதது இரண்டு. ஒன்று வைரஸ். பாக்டீரியாவைவிடப் பல மடங்கு சிறியது, கரடு மணலில் பல பத்து மீட்டர் தூரம் போகும். இன்னொன்று நைட்ரேட். சிறுநீரில் இருக்கும் யூரியா அம்மோனியாவாகிறது, காற்றுள்ள மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாகிறது, நைட்ரேட் எதிலும் ஒட்டாமல் தண்ணீர் போகும் இடமெல்லாம் போகிறது. மண் நன்றாக வேலை செய்கிற இடத்தில்தான் நைட்ரேட் அதிகம் உண்டாகும், இதைப் பலர் கவனிப்பதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை மனதில் வைத்து நிர்ணயித்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், நிறமோ வாடையோ இருக்காது. சோதித்தால் மட்டுமே தெரியும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கிராம் நைட்ரஜன் வெளியேறுகிறது. 1,800 பேருக்கு 18 கிலோ. ஒவ்வொரு நாளும் 18 கிலோ அந்த மணலுக்குள் போகிறது.

குழாய்வழி

நான் சுத்திகரிப்பு நிலையத்துல ஆபரேட்டர். அதுக்கு முன்னாடி சில வருஷம் செப்டிக் டேங்க் லாரியோட போனவன். மேடம் சொன்னதுக்கு மேல தரையில பார்த்ததைச் சொல்றேன்.

முதல்ல, செப்டிக் டேங்க்னு சொல்றதுல பாதி செப்டிக் டேங்கே கிடையாது. அடித்தளம் போடாம நாலு பக்கம் சுவர் மட்டும் எழுப்பி மூடி வெச்சிருப்பாங்க. "எங்க டேங்க் பதினைஞ்சு வருஷமா நிறையவே இல்ல, கைராசியான மேஸ்திரி கட்டினது"னு பெருமையா சொல்ற வீட்டுக்காரங்களைப் பார்த்திருக்கேன். நிறையலைன்னா அது ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகறது எங்க போகும்? பக்கத்துக் கிணத்துக்குத்தான்.

சரியா கட்டின டேங்க்கும் முழுசா சுத்தம் பண்ணாது. தண்ணி ஒரு நாள், ஒன்றரை நாள் நின்னு போனா கசடு அடியில தங்கும், எண்ணெய் மேல மிதக்கும், நடுவுல இருக்கிற தண்ணி வெளிய போகும். அழுக்குல மூணுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா பாதி குறையும். மீதியை மண்ணுதான் பார்த்துக்கணும். அந்த மண்ணு மூழ்கிக் கிடக்குதுன்னு மேடம் சொல்லிட்டாங்க.

டேங்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு பார்க்க கருவி எதுவும் வேண்டாம். நீளமான கம்புல அடியில மூணடிக்கு வெள்ளைத் துணியை இறுக்கிச் சுத்துங்க. மெதுவா அடி வரைக்கும் விட்டு ரெண்டு நிமிஷம் வெச்சு, திருப்பாம நேரா எடுங்க. கசடு இருந்த உயரம் வரைக்கும் துணி தார் பூசின மாதிரி கறுத்திருக்கும், அதுக்கு மேல வெளிறின சாம்பல் நிறம். கறுப்பு மூணுல ஒரு பங்கைத் தொட்டா அள்ள வேண்டிய நேரம் வந்தாச்சு. ஒரே நாள்ல இருபது வீடு பார்த்துடலாம்.

கடற்கரைக்குன்னே ஒரு ஆபத்து உண்டு. மழைக்காலத்துல தண்ணி மேல ஏறி நிக்கும்போது பிளாஸ்டிக் டேங்க்கை முழுசா காலி பண்ணாதீங்க. உள்ளே வெறுமையா இருந்தா வெளியில இருக்கிற தண்ணி அதைப் படகு மாதிரி மேலே தூக்கிடும். அப்படி ஒண்ணு தரையைப் பிளந்துக்கிட்டு ஒரு முழம் மேலே வந்து நின்னதைக் கண்ணால பார்த்திருக்கேன். குழாயெல்லாம் முறிஞ்சு, அந்த வீட்டுக்காரங்க ரெண்டு மாசம் பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்குப் போனாங்க.

புதியவன்

ஒரு சந்தேகம். இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு நீளக் குழாய் போட்டுக் கடலுக்குள் கொஞ்ச தூரம் கொண்டுபோய் விட்டால் ஆகாதா? கடல் அவ்வளவு பெரிது.

உப்பங்கழி

தம்பி, கேள்வி நியாயமானதுதான். பல நாடுகளில் இன்றைக்கும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஆழமும் நீரோட்டமும் உள்ள இடத்தில், முதற்கட்டச் சுத்திகரிப்பாவது செய்து, நுனியில் பல துளை வைத்துப் பரப்பி விடுகிறார்கள். கழிவுநீர் கடல்நீரைவிட லேசானது. ஆழமில்லாத கரையோரத்தில் விட்டால் கீழே தங்காமல் நேராக மேலே எழும்பி, காற்றடிக்கும் திசையில் கரைக்கே திரும்பி வரும். குழந்தைகள் குளிக்கும் இடத்துக்கு, வலை இழுக்கும் இடத்துக்கு.

உப்பங்கழி விஷயம் இன்னும் மோசம். அங்கே கடல் மாதிரி நீரோட்டம் இல்லை. முகத்துவாரம் மணலடித்து மூடிக் கிடக்கும் மாதங்களில் அது ஒரு மூடிய பாத்திரம். கடல்நீரில் பாசிக்குப் பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது நைட்ரஜன்தான். மேலே சொன்ன 18 கிலோ தினமும் அங்கே கசிந்தால் பாசிக்கு விருந்து. தண்ணீர் பச்சையாகும், பிறகு பாசி செத்து மக்கும்போது விடியற்காலையில் ஆக்சிஜன் வறண்டு மீன் செத்து மிதக்கும். எங்கள் குடும்பம் மட்டி, சிப்பி எடுத்துப் பிழைத்தது. மணலைக் காலால் கிளறினால் முன்பு வெளிர் மணல் வரும். பிறகு ஒரு விரற்கடைக்குக் கீழே கரி மாதிரி கறுப்பு, அழுகின முட்டை வாடை. அந்தக் கறுப்பு மண் மேலே ஏற ஏற மட்டி குறைந்துகொண்டே வந்தது.

சிப்பி ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் தண்ணீரைச் செவுள் வழியாக இழுத்து வடிகட்டும். தண்ணீரில் இருக்கும் கிருமி அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகும். சுத்தமான நீரில் ஓரிரு நாள் வைத்தால் பாக்டீரியா பெரும்பாலும் வெளியேறிவிடும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் அப்படிப் போகாது, வாரக்கணக்கில் தங்கும். கடல் கரைத்துவிடும் என்று சொல்பவர்கள் சிப்பியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். கடல் கரைத்ததை அது திரும்பவும் சேர்த்து வைக்கிறது.

ஆய்வுக்கூடம்

உப்பங்கழி ஐயா சொன்னதோடு ஒன்று. மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியாக்களில் ஈ.கோலை ஒன்று, என்டரோகாக்கை இன்னொன்று. கடல்நீரை ஈ.கோலை மட்டும் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். உப்பிலும் வெயிலிலும் ஈ.கோலை சீக்கிரம் செத்துவிடும், என்டரோகாக்கை அதைவிடத் தாக்குப்பிடிக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986-லேயே கடல் குளிப்பிடங்களுக்கு என்டரோகாக்கையைத்தான் பரிந்துரைத்தது. சோதனை முடிவில் "ஈ.கோலை இல்லை" என்று ஒரு வரி மட்டும் இருந்தால், மற்றதையும் கேட்டு வாங்குங்கள்.

நாணல்

பிரச்சினை புரிந்துவிட்டது. வழியைப் பேசுவோம்.

என்னைக் கேட்டால் வெப்பமான இடத்தில் சின்னக் குடியிருப்புக்கு குளங்களும் நாணல் படுகைகளும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. மின்சாரம் மிகக் குறைவு, கெட்டுப்போக இயந்திரம் இல்லை. குளமென்றால் வரிசையாக மூன்று வகை. முதலாவது ஆழமானது, காற்றில்லாமல் கசடு செரிக்கும் இடம். இரண்டாவது ஓராள் ஆழம்கூட இராது, பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்க பாக்டீரியா அழுக்கைத் தின்னும். மூன்றாவது ஒரு மீட்டர் ஆழம், வெயில் அடிவரை இறங்கும். பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிற்பகலில் நீரின் காரத்தன்மை ஏறும். வெயிலும் காரமும் சேர்ந்து கிருமியைக் கொல்லும், குளோரின் வேண்டாம். குடல்புழு முட்டைகள் எடையால் அடியில் தங்கிவிடும்.

நாணல் படுகை இன்னொரு வகை. சரளைக்கல் நிரப்பிய தொட்டி, மேலே நாணலோ சம்போ, தண்ணீர் கல்லுக்கடியில்தான் ஓடும். மேலே நீர் தேங்காததால் கொசு வராது, வாடையும் வராது. ஜெர்மனியில் கேதே சைடல் என்ற தாவரவியலாளர் 1950-களில் நீர்த்தாவரங்களை வைத்துச் செய்த சோதனைகளில் தொடங்கியது இது.

கடலோர ஊருக்கு நல்ல எடுத்துக்காட்டு கலிஃபோர்னியாவின் ஆர்க்கேட்டா. பல ஊர்களுக்கும் பொதுவாகப் பெரிய நிலையம் கட்டும் திட்டத்தை 1970-களில் அந்த ஊர் ஏற்கவில்லை. கைவிடப்பட்ட கரையோர நிலத்தைச் சதுப்பாக மாற்றி, குளங்களோடு சேர்த்து, 1986-ல் முழு அளவில் இயக்கத் தொடங்கியது. சுத்திகரித்த கழிவுநீர் விடும் அதே விரிகுடாவில் சிப்பி வளர்ப்பும் நடக்கிறது. பறவை பார்க்க ஆட்கள் வருகிறார்கள். கழிவுநீர் நிலையத்துக்கு ஆட்கள் ஆசையாக வருவதை வேறெங்கே பார்க்க முடியும்!

நிலம்தான் விலை. 1,800 பேருக்குக் குளங்கள் என்றால் முக்கால் ஹெக்டேருக்குக் குறையாமல் வேண்டும். செப்டிக் டேங்க்கைத் தாண்டி வரும் நீருக்கு நாணல் படுகை மட்டும் என்றால் அதில் பாதி.

குழாய்வழி

நாணல் சார், குளம் நல்லதுதான், மறுக்கலை. ஆனா தண்ணி அங்க எப்படிப் போய்ச் சேரும்? நடுவுல இருக்கிற குழாயைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. காசுல பெரும்பங்கு அதுலதான் போகும்.

சாதாரணப் பாதாளச் சாக்கடைன்னா சரிவு வேணும். தண்ணி நொடிக்கு ரெண்டடியாவது ஓடினாத்தான் கசடு தங்காது. மேடு பள்ளமே இல்லாத மணல்ல சரிவு கொடுத்துக்கிட்டே போனா கொஞ்ச தூரத்துலேயே குழாய் ஆளுயரத்துக்குக் கீழே போயிடும். கீழே முழுக்கத் தண்ணி. தோண்டத் தோண்ட மணல் சரியும், ராத்திரி பகலா பம்பு ஓடணும். அப்படிப் போட்ட குழாய்ல மூட்டு ஒண்ணு ஒழுகினாலும் வெளியே போகாது, வெளியே இருக்கிற தண்ணி உள்ளே வரும். கடலோரத்துல அது உப்புத் தண்ணி.

அதனால என்ன வரும்னு பாருங்க. கடல்நீர்ல லிட்டருக்கு 2,700 மில்லிகிராம் அளவுக்கு சல்பேட் இருக்கு. கழிவுநீர்ல பத்துல ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே 270. காத்தில்லாத குழாய்ல பாக்டீரியா அந்த சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவா மாத்தும். அது குழாயோட மேல்பக்க ஈரத்துல வேற பாக்டீரியாவால கந்தக அமிலமாகி சிமெண்டை அரிக்கும். மேன்ஹோல் மூடியைத் திறந்து உள்சுவரை விரலால தேய்ச்சா சுண்ணாம்பு மாதிரி உதிரும், ஜல்லி பல்லு தெரியற மாதிரி வெளியே நிக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிற சுவர் மட்டும் புதுசு மாதிரியே இருக்கும். அரிப்பு மேல்பக்கம்தான்.

அந்த வாயு ஆளையும் கொல்லும். கொஞ்சமா இருந்தா நாறும், அதிகமானா மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்"னு இறங்கினவங்க திரும்பல. காப்பாத்த இறங்கின ரெண்டாவது ஆளும் திரும்பல. என் கூட வேலை பார்த்த ஒருத்தர் அப்படிப் போனார். எந்த முறையை நீங்க தேர்ந்தெடுத்தாலும் சரி, மனுஷன் உள்ளே இறங்கற தேவையே இல்லாத மாதிரி கட்டுங்க. இதை முதல் நிபந்தனையா எழுதி வையுங்க.

இந்த மாதிரி நிலத்துக்கு நான் சொல்றது சிறுவிட்டக் குழாய். வீட்டு செப்டிக் டேங்க்கை நல்லா கட்டி அப்படியே வெச்சுக்கலாம், கசடு அங்கேயே தங்கும், தெளிஞ்ச தண்ணி மட்டும் நாலு அங்குலக் குழாய்ல போகும். கசடு இல்லாததால அவ்வளவு சரிவு வேண்டாம், ஆழம் வேண்டாம், பெரிய மேன்ஹோலும் வேண்டாம். வெல்டு பண்ணின பிளாஸ்டிக் குழாயா போட்டா உப்புத் தண்ணியும் நுழையாது. தெற்கு ஆஸ்திரேலியாவுல 1960-கள்லேர்ந்து சின்ன ஊர்கள்ல இதுதான். ஆனா ஒரு கட்டாயம், டேங்க்கை முறை தவறாம அள்ளணும். அள்ளலைன்னா கசடு குழாய்க்குள்ள வந்து எல்லாம் அடைச்சுக்கும்.

கணக்குப்புத்தகம்

குழாய்வழி சார் சொன்னதோடு பிரேசிலையும் சேர்த்துக்கொள்ளலாம். நாடால் என்ற கடற்கரை நகரத்தில், ரோக்காஸ், சாந்தோஸ் ரேயிஸ் என்ற நெருக்கமான பகுதிகளில், 1980-களின் தொடக்கத்தில் குழாயைத் தெரு நடுவே ஆழமாகப் போடாமல் வீடுகளின் கொல்லைப்புறமாக ஆழம் குறைவாகப் போட்டார்கள். ஒரு வீட்டு வரிசைக்கு ஒரு இணைப்பு. அந்த வரிசைக் குடும்பங்கள் கூடிப் பேசி, எந்த வழியாகக் குழாய் போகும், யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்த பிறகே தோண்டினார்கள். அதற்குப் பிறகு பிரேசிலின் பல நகரங்களுக்குப் பரவியது.

மணல்மேடு

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாகப் படித்துப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கேள்வி. பெட்டி மாதிரி ஆயத்தமாக வரும் சுத்திகரிப்பு நிலையங்களை விற்பவர்கள் "வைத்துவிட்டுப் போங்கள், தானாக ஓடும், ஆளே வேண்டாம்" என்கிறார்கள். இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும். அதை நம்பலாமா?

குழாய்வழி

ஆளே வேண்டாம்னு சொல்ற எந்த நிலையத்தையும் வாங்காதீங்க. நான் இருக்கிறதே அப்படி விற்கப்பட்ட ஒண்ணுலதான்.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்லலை. 1914-ல மான்செஸ்டர்ல ஆர்டெர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் கழிவுநீர்ல காத்தை ஊதி, படிஞ்ச கசடைக் கொட்டாம வெச்சுக்கிட்டு, மேலே தெளிஞ்ச தண்ணியை மட்டும் எடுத்துட்டு, அதே கசடுல மறுபடி கழிவுநீரை ஊத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் வேகமா சுத்தமாச்சு. அந்தக் கசடு உயிரோட இருக்கிற பட்டாளம், அதான் காரணம். இன்னைக்கு சின்ன ஊர்களுக்கு விக்கற தொகுதி முறைத் தொட்டியும் அதேதான், ஒரே தொட்டியில நிரப்பு, ஊது, படியவிடு, வடி. நல்ல முறை. ஆனா உயிரை வளர்க்கறோம்ங்கறதை மறந்துடக் கூடாது.

காலையில வந்ததும் நான் செய்யற முதல் வேலை, ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில தொட்டித் தண்ணியை மொண்டு ஜன்னலோரம் வெச்சு அரை மணி நேரம் பார்க்கறது. நல்ல கசடு ஈர மண்ணு நிறத்துல பஞ்சு பஞ்சா திரண்டு மெதுவா இறங்கும், மேலே தண்ணி தெளியும். 200, 250 மில்லில நின்னா நிம்மதி. 700-லேயே தொங்கிக்கிட்டிருந்தா இழை பாக்டீரியா பெருகிடுச்சு. படிஞ்சது ஒரு மணி நேரத்துல திரும்பவும் மேலே மிதந்து வந்தா அடியில நைட்ரேட் நைட்ரஜன் வாயுவா மாறுது. எந்த மீட்டரும் இவ்வளவு சீக்கிரம் இதைச் சொல்லாது. இதைப் பார்க்க ஒரு ஆள் தினமும் வரணும், அந்த ஆளுக்கு மாசாமாசம் சம்பளம் வரணும்.

நைட்ரஜன்தான் உங்க பிரச்சினைன்னா இன்னும் கவனம் வேணும். அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்தற பாக்டீரியா ரொம்ப மெதுவா வளரும். ஒரு கிலோ நைட்ரஜனுக்கு நாலரை கிலோ ஆக்சிஜன் கேட்கும். அந்த 18 கிலோவுக்கு 80 கிலோ, தினமும். காரத்தன்மையையும் தின்னும், அது தீர்ந்தா பி.எச். இறங்கி வேலை நின்னுடும். அப்புறம் அந்த நைட்ரேட்டை காத்தில்லாத தொட்டிக்குத் திருப்பி அனுப்பி, புதுக் கழிவுநீரோட கலந்தாத்தான் அது வெறும் நைட்ரஜன் வாயுவா காத்துக்குப் போகும். இந்தத் திருப்புற பம்பு பழுதான நாளைக்கு நிலையம் ஓடற மாதிரியே தெரியும், தண்ணியும் தெளிவா இருக்கும், நைட்ரேட் மட்டும் அப்படியே உப்பங்கழிக்குப் போகும். வெளியிலேர்ந்து யாருக்கும் தெரியாது.

விடுமுறைக் காலத்துல ஆள் ரெட்டிப்பான முதல் வாரம் எங்க நிலையம் திணறும். பட்டாளம் பெருக நாள் வேணும் இல்லையா. முன்கூட்டியே தெரியுங்கறதால ரெண்டு வாரம் முன்னாடியிலேர்ந்து கசடு வெளியேத்தறதைக் குறைச்சு, உள்ளே சேர்த்து வைப்பேன். அப்படியும் ஒரு சமன் தொட்டி இருந்தா நிம்மதி. ராத்திரியில வர்ற தண்ணியும் காலையில மொத்தமா வர்ற தண்ணியும் ஒண்ணு சேர்ந்து ஒரே சீரா உள்ளே போகும்.

ஒரு தடவை, நான் இல்லாத ராத்திரியில, செப்டிக் லாரி ஒண்ணு வந்து நேரா உள்ளே கொட்டிட்டுப் போயிடுச்சு. டேங்க்ல வருஷக்கணக்கா ஊறின கசடு சாதாரணக் கழிவுநீரைவிடப் பத்து இருபது மடங்கு காட்டமா இருக்கும். காலையில தொட்டி கறுப்பு, நுரை கைப்பிடிச் சுவரைத் தாண்டி வழியுது. பழைய நிலைக்கு வர ஆறு வாரமாச்சு. அதனால கசடுக்குத் தனி இடம் வேணும்.

நாணல்

கசடுக்கு நாணல் நட்ட உலர்த்துபடுகை போதும். 1,800 பேரிடம் வருடத்துக்கு 70,000 லிட்டருக்கு மேல் கசடு சேரும். படுகையில் ஒரு அடுக்கு ஊற்றி, காயவிட்டு, அடுத்த அடுக்கு. நாணல் வேர் ஓட்டை போட்டுக்கொண்டே இருப்பதால் அடைபடாது. சில வருடத்துக்கு ஒரு முறை மட்டும் வெட்டி எடுத்தால் மண் மாதிரி இருக்கும். புழு முட்டை சாக வேண்டும், ஆகவே எடுத்ததும் வயலுக்குப் போடாமல் இன்னும் ஒரு வருடம் குவித்து வைக்க வேண்டும்.

குழாய்வழி சார், உங்கள் அனுபவத்தைப் படித்தபின் என் கருத்தையும் சற்று மாற்றிக்கொள்கிறேன். குளத்துக்கும் ஆள் வேண்டும். கரையில் புல் வெட்ட, நுரை வார, சரளை அடைபட்டதா என்று பார்க்க. ஆனால் அந்த ஆள் ஒரு நாள் வராவிட்டால் குளம் பொறுத்துக்கொள்ளும், தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் பொறுத்துக்கொள்ளாது. மின்தடை அடிக்கடி வரும் புயல் மாதங்களில் இந்த வித்தியாசம் பெரிது. நைட்ரஜனை எடுப்பதில் குளம் உங்கள் தொட்டிக்கு ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செங்குத்தாக நீர் இறங்கும் படுகை ஒன்றும் அதையடுத்துக் கிடையாக ஓடும் படுகை ஒன்றும் வைத்தால் ஓரளவு நெருங்கலாம்.

கணக்குப்புத்தகம்

தொழில்நுட்பம் பேசுகிறோம். முடிவெடுப்பது பற்றியும் பேச வேண்டும். லாஸ் ஓசோஸ் கதையை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கலிஃபோர்னியக் கரையில் ஏறத்தாழ 14,000 பேர் வாழும் சின்ன ஊர். மணல் நிலம், வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், குடிநீர் முழுக்க நிலத்தடியிலிருந்து. நம் மாதிரியே. 1983-ல் நீர்த்தர வாரியம் புதிய செப்டிக் டேங்க்குகளுக்குத் தடை கொண்டுவந்தது. சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது 2016-ல். 33 வருடம்.

இடைப்பட்ட காலம் முழுக்க எந்த முறை, எந்த இடம், யார் எவ்வளவு கட்டுவது என்ற சண்டை. 2005-ல், கட்டுமானம் தொடங்கியிருந்த சமயத்தில், நிலையத்தை ஊருக்கு நடுவில் கட்டக் கூடாது என்றவர்கள் வாக்கெடுப்பில் நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையை இறக்கினார்கள், வேலை நின்றது. கடைசியில் மாவட்ட நிர்வாகம் எடுத்து முடித்தது. அவரவர் பக்கம் நியாயம் இருந்திருக்கும். அந்த வருடங்களிலெல்லாம் நைட்ரேட் மணலுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள நல்லதும் ஒன்று உண்டு. சுத்திகரித்த நீரைக் கடலில் விடாமல் நிலத்துக்குத் திருப்பிச் செலுத்துகிறார்கள். கடலோரத்தில் கிணறுகளிலிருந்து இறைத்துக்கொண்டே இருந்தால் உப்புநீர் உள்ளே ஏறும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் ஆழத்துக்கு உப்புநீரைத் தள்ளி வைக்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே 40 அடி இழக்கிறோம். சுத்திகரித்த நீர் அந்த ஒரு அடிக்காகவாவது தேவை.

உப்பங்கழி

கிருமி நீக்கத்துக்குக் குளோரினை அதிகம் கொட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எச்சக் குளோரினும், அம்மோனியாவோடு சேர்ந்து அது உண்டாக்கும் குளோரமினும் மீன்குஞ்சுக்கும் சிப்பிக் குஞ்சுக்கும் விஷம். போட்டால் வெளியே விடும் முன் அதை நீக்க வேண்டும். நீர் தெளிவாக இருந்தால் புறஊதா விளக்கு நல்லது, கலங்கலாக இருந்தால் ஒளி உள்ளே போகாது.

சமையற்கூட எண்ணெய்க்கும், மீன் கழுவும் கூடங்களின் தண்ணீருக்கும் கொழுப்பையும் கழிவையும் தடுத்து நிறுத்தும் பொறி (சிறு தொட்டி) வைக்காமல் பொதுக் குழாயில் விடவே கூடாது. மீன் கழுவின நீரில் ரத்தமும் புரதமும், அதாவது நைட்ரஜன், நிறைய.

மணல்மேடு

மிக்க நன்றி. நிலையத்தில் தொடங்கி யோசித்தது தவறு என்று புரிகிறது. மாதிரிக் கணக்கு என்று ஆரம்பித்தேன், இப்போது அதைச் செய்தே பார்க்கப் போகிறோம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம்.

மூன்று இடத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை மணலில் இறக்கி, ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர்மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதுவோம். சம்மதிக்கும் வீடுகளில் துணி சுற்றிய கம்பை இறக்கிப் பார்ப்போம். அடித்தளம் இல்லாத தொட்டி எத்தனை என்று எண்ணுவோம். ஒரு முழு வருடம், எல்லாப் பருவமும். அதற்கிடையில் கசடு உலர்த்துபடுகைக்கு மட்டும் இடம் கேட்போம், ஏனென்றால் எந்த வழியில் போனாலும் அது வேண்டியிருக்கும். கிணற்று நீரும் உப்பங்கழி நீரும் சோதிக்க வேண்டும். ஆய்வுக்கூடம் அக்கா, மாதிரியை எப்போது எடுப்பது? ஓதம் ஏறும்போதா, வற்றும்போதா?

குழாய்வழி

மூடியைத் திறக்கும்போது ரெண்டு பேரா போங்க. திறந்து கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்க, காத்து வர்ற பக்கம். பக்கத்துல பீடி, தீப்பெட்டி வேண்டாம். கம்பு உள்ளே விழுந்தா விழட்டும், குனிஞ்சு எடுக்காதீங்க.

ஆய்வுக்கூடம்

உப்பங்கழியில் இரண்டு நேரமும் எடுங்கள். ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வந்து எல்லாவற்றையும் நீர்த்துப்போகச் செய்யும், நல்ல முடிவாகத் தெரியும். நன்றாக வற்றிய நேரத்தில் நிலத்தடி நீர் மணலிலிருந்து கழியை நோக்கிக் கசியும். கரையோரம் சின்னச் சின்ன ஊற்றாக, சுற்றியிருக்கும் நீரைவிட வேறு குளிர்ச்சியில், காலில் படும். அந்த ஊற்றில் பாட்டிலைப் பிடியுங்கள். உங்கள் செப்டிக் டேங்க்குகளின் தண்ணீர் அதுதான்.

கிணற்றுக்கு ஓதத்தைவிட மழை முக்கியம். முதல் பெருமழைக்கு மறுநாள் ஒன்று, கோடைக் கடைசியில் ஒன்று. நைட்ரேட், அம்மோனியா, குளோரைடு, ஈ.கோலை நான்கும் கேளுங்கள். குளோரைடு கட்டாயம் வேண்டும். அது அதிகமாக இருந்தால் நீரில் அழுக்கு எவ்வளவு என்று காட்டும் வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனை பொய் சொல்லும், ஆய்வகத்திடம் முன்கூட்டியே "கடலோர நீர்" என்று சொல்லிவிடுங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள், உள்பக்கம் கை படக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை எடுக்காதீர்கள், திங்கட்கிழமை வரை வைத்திருந்த மாதிரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.